எருக்குழியில் ஒரு சல்லடை

ஆகஸ்ட் 22, வியாழன்

மன்னித்துக்கொள் மேகலாக்கா. மணி பதினொன்று நாற்பது. இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்தால் கையெழுத்து கோழி கிளறிய மாதிரிதான் வரும். வர்ணிகா இப்போதுதான் தூங்கினாள். நிஜமாகவே தூங்கினாளா, என்னைச் சோதிக்கிறாளா என்பது இன்னும் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

போன வாரம் நான் போனில் அழுதபோது நீ என்ன சொன்னாய்? "தினமும் கூப்பிட்டு அழாதே வினோ. ஒரு நோட்டு வாங்கு, தேதி போட்டு எழுது, மாசக் கடைசியில் மொத்தமாகப் படம் எடுத்து அனுப்பு. நான் மஸ்கட்டில் காலை நீட்டி உட்கார்ந்து படித்துச் சிரிக்கிறேன்." சிரிக்கிறேன் என்றாய். நான் குறித்து வைத்திருக்கிறேன்.

சேதி இதுதான். செப்டம்பர் எட்டு, ஞாயிற்றுக்கிழமை வர்ணிகாவுக்கு மொட்டை அடித்துக் காது குத்துகிறோம். சடங்கு குலதெய்வம் கோயிலில், சாப்பாடு இங்கே தோட்டத்து வீட்டில். முப்பது பேராவது முந்தின நாளே வந்து படுப்பார்கள். அவர்கள் படுக்க வேண்டுமென்றால் உள்ளறையைக் காலி செய்தாக வேண்டும். நாற்பது வருடமாக அந்த அறைக்குள் போன பொருள் எதுவும் திரும்பி வந்ததில்லை.

இன்று நான்கு மணி நேரம் வேலை. கிடைத்தவை: எரியாத டார்ச் லைட் பதினொன்று. ரப்பர் பூட்ஸ் மூன்று, மூன்றும் இடது கால். இவருடைய பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட், அதிலிருந்த போட்டோவில் பேனாவால் மீசை. கல்யாண வீட்டு மஞ்சப்பைகள் ஒரு மூட்டை, பைக்குள் பை, அந்தப் பைக்குள் இன்னொரு பை, கடைசிப் பைக்குள் ஒரே ஒரு தேங்காய். அது கைபட்டதும் பொடியாகிவிட்டது.

நான் படித்தவள் இல்லையா, முறையாக மூன்று குவியல் போட்டேன். வைத்துக்கொள்வது, வீசுவது, அத்தையிடம் கேட்பது. கேட்கும் குவியலிலிருந்து முதலில் ஒரு பாதிக் குடத்தைக் காட்டினேன்.

"இருக்கட்டும் கண்ணு, ஒண்ணுக்கு ஆகும்" என்றார் அத்தை.

எந்த ஒன்றுக்கு என்று நாற்பது வருடத்தில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. நான் குழந்தைக்குப் பால் கொடுக்க உள்ளே போய் வரும்போதெல்லாம் வீசும் குவியல் இளைத்திருக்கிறது, வைத்துக்கொள்ளும் குவியல் கொழுத்திருக்கிறது. அத்தை அந்தப் பக்கமே போகவில்லையாம். அவர் இடுப்பில் ஒரு டார்ச் லைட் செருகியிருந்தது.

எழுந்துவிட்டாள். பிறகு.

ஆகஸ்ட் 23, வெள்ளி

இன்று சாதித்துவிட்டேன். உள்ளறைச் சுவரில் ஒரு மாடம் இருக்கிறது. அதில் காலியான தைல டப்பாக்கள் பத்தொன்பது. திறந்து பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒரு அருங்காட்சியகம். ஒன்றில் சட்டைப் பட்டன். ஒன்றில் துருப்பிடித்த ஊக்கு. ஒன்றில் செத்த வண்டு, அதுவும் பஞ்சு வைத்து மரியாதையாக. இன்னொன்றிலும் பஞ்சு, அதன்மேல் கறுத்துச் சுருங்கிய சுண்டைக்காய் வற்றல் மாதிரி ஏதோ. நுண்ணுயிரியலில் எம்.எஸ்ஸி. முடித்தவளுக்கு இதையெல்லாம் பார்த்தால் மூச்சு அடைக்கும். குழந்தை தவழப் போகிற வீடு இது. எல்லாவற்றையும் முறத்தில் கொட்டி எருக்குழியில் வீசிவிட்டு, டப்பாக்களை இருபது நிமிடம் கொதிக்க வைத்து, வரிசையாகக் கவிழ்த்துவிட்டேன்.

ஏன் அத்தையிடம் கேட்கவில்லை என்று கேட்பாய். அத்தை மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போயிருந்தார். இருந்திருந்தால் பத்தொன்பது தடவை ஒண்ணுக்கு ஆகும் என்றிருப்பார்.

நடுவில் ஒரு பயம். பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த வர்ணிகா எதையோ மென்றுகொண்டிருந்தாள். வாயில் விரலை விட்டுத் துழாவினேன். ஒரு நூல்தான் வந்தது. என் விரலையும் கடித்தாள். பல் இரண்டு நல்ல கூர்மை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

வர்ணிகா தவழ்ந்துவிட்டாள். பின்பக்கமாக. பொம்மையைப் பார்த்து அழுதுகொண்டே அதைவிட்டுத் தள்ளித் தள்ளிப் போகிறாள். இது சாதாரணம்தானா என்று இணையத்தில் ஒன்றரை மணி நேரம் தேடினேன். சாதாரணம்தானாம்.

ஆகஸ்ட் 26, திங்கள்

அக்கா, நான் செத்தேன்.

மதியம் அத்தை கீரை ஆய்ந்துகொண்டே சாவகாசமாக ஆரம்பித்தார். நம் தம்பி நந்தகுமார் தாய்மாமன் சீராக வெள்ளித் தாயத்து கொண்டுவருகிறான் இல்லையா, அதற்குள் வைக்கக் கொடி தயாராக இருக்கிறதாம். பிள்ளைக்குத் தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் எடுத்து வைத்து, பிறகு தாயத்துக்குள் போட்டு அரைஞாண் கயிற்றில் கட்டும் வழக்கம் உனக்குத் தெரியும். பிரசவத்துக்குப் பின் நான் இங்கே வரும்போது அம்மா அதை ஒரு வெற்றிலையில் மடித்து அத்தை கையில் கொடுத்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு அது எங்கே போனது என்று நான் யோசித்ததே இல்லை.

"தைல டப்பாவுல பஞ்சு வெச்சுப் போட்டு உள்ளறை மாடத்துல வெச்சிருக்கேன் கண்ணு. நீ கை வெச்சிராத."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரீங்க அத்தை" என்றேன். குரல் வேறு யாருடையதோ மாதிரி வந்தது.

அத்தை கீரையிலிருந்து தலையைத் தூக்கி, "ஏதோ சொல்ல வந்தாப்பல இருந்துச்சே?" என்றார்.

இல்லை என்றேன்.

சுண்டைக்காய் வற்றல் இல்லை அக்கா அது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

நிதானமாக யோசித்தேன். சாத்தியங்கள் மூன்று. ஒன்று, அது எருக்குழியில் இருக்கிறது. இரண்டு, கோழி தின்றுவிட்டது. மூன்றை எழுதவே கை வரவில்லை. வெள்ளிக்கிழமை வர்ணிகா மென்றுகொண்டிருந்தது நூல் மட்டும்தானா?

வெள்ளிக்கிழமை அவள் மலம் கழித்தது துணியோடு அலசிப் போய்விட்டது. இருந்தாலும் இன்றைக்கு மூன்று தடவையும் குச்சியை வைத்துக் கிளறிப் பார்த்தேன். மூன்றாவது தடவை இவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எம்.எஸ்ஸி.க்கு இதையும் படித்தாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நம்பிவிட்டார்.

ஒரு பிள்ளை தன் தொப்புள்கொடியைத் தானே தின்றால் என்ன ஆகும் என்று இணையத்தில் யாரும் எழுதவில்லை. உலகத்தில் வேறு எந்த அம்மாவுக்கும் இந்தச் சந்தேகம் வரவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

காலையில் அத்தை பால் ஊற்றப் போன நேரம் பார்த்து, மாவுச் சல்லடையை எடுத்துக்கொண்டு எருக்குழிக்குப் போனேன். முகத்தில் மாஸ்க், கையில் கையுறை, தலையில் துண்டு. கோழிகள் நான்கும் எனக்கு உதவிக்கு வந்தன. நான் ஒரு சல்லடை சலிப்பதற்குள் அவை மூன்று இடம் கிளறிவிட்டன. ஒவ்வொரு கோழியையும் நான் பார்த்த பார்வையில் அவற்றுக்கே குற்ற உணர்ச்சி வந்திருக்க வேண்டும்.

கிடைத்தவை: சட்டைப் பட்டன், ஊக்கு, பஞ்சு. அந்த மரியாதையான வண்டும் கிடைத்தது.

அப்போது இவர் டிராக்டரை நிறுத்திவிட்டு வந்தார். என்ன தேடுகிறாய் என்றார். வாய்க்கு வந்தது, கம்மல் திருகாணி விழுந்துவிட்டது என்றேன். பாவம், மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள்ளேயே இறங்கிவிட்டார். ஒரு மணி நேரம். கடைசியில், "கெடச்சிருச்சு வினோ" என்று தூக்கிக் காட்டினார் பார், நிஜமாகவே ஒரு தங்கத் திருகாணி.

என் இரண்டு காதிலும் திருகாணி இருந்தது. இவர் திருகாணியைப் பார்த்தார். என் வலது காதைப் பார்த்தார். சுற்றி வந்து இடது காதைப் பார்த்தார்.

"இது சாந்தாமணி அக்காவுது. எட்டாவது படிக்கறப்பத் தொலைச்சுப் போட்டு, நான்தான் எடுத்தேன்னு என்னைய அடி வாங்க வெச்சா" என்றார். பிறகு சல்லடையைப் பார்த்தார். "நீ என்னத்தத் தேடற?"

சொல்லிவிட்டேன்.

முதலில் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குழியின் ஓரத்தில் உட்கார்ந்து சிரித்தார். பிறகு திடீரென்று சிரிப்பு நின்றது. முகம் வெளுத்துவிட்டது.

"அம்மாகிட்டச் சொல்லிட்டயா?"

இல்லை என்றேன்.

"சொல்லிராத" என்றார்.

சல்லடையைக் கொதிநீரில் நாற்பது நிமிடம் போட்டெடுத்து, இருந்த ஆணியிலேயே மாட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

உள்ளறை பாதி காலி. நாங்கள் இருவரும் இப்போது கொள்ளைக்காரர்கள் போல மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்றுதான் பேசுகிறோம். இவருடைய யோசனை எளிது. அது சின்னதாக, கறுப்பாக, சுருங்கி இருக்கும். உலகத்தில் சின்னதாக, கறுப்பாக, சுருங்கி இருக்கும் பொருள்கள் ஏராளம். தாயத்துக்குள் போட்டு ஆசாரி மூடிவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்?

நான்கு பொருள் எடுத்து ஒரு தட்டில் வைத்து ஓட்டின் மேல் காயப்போட்டார். உலர்ந்த திராட்சை, வாழைப்பழக் காம்பு, சுண்டை வற்றல், ஒரு கோவைக்காய். அரை மணி நேரத்தில் காக்கை திராட்சையைத் தூக்கிப்போனது. எறும்பு வாழைக்காம்பைச் சுற்றிக்கொண்டது. கோவைக்காய் காய மாட்டேன் என்கிறது. மிஞ்சியது சுண்டை வற்றல். அதில் உப்பு இருக்கிறது, குழந்தையின் இடுப்பு வியர்வையில் ஊறும், தோல் அரிக்கும், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றேன்.

"உனக்குத்தான் இதுலெல்லாம் நம்பிக்கை இல்லையே, அப்பறம் என்ன?" என்றார் இவர்.

நம்பிக்கை இல்லைதான். இறந்துபோன திசு அது, ஒன்றும் செய்யாது என்று மாணவர்களுக்கு முன்னால் நின்று என்னால் ஒரு மணி நேரம் பேச முடியும். ஆனால் அக்கா, அது விழுந்த அன்று நான் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். பதினொன்றாம் நாள். கையில் எடுத்துப் பார்த்தேன். அவளும் நானும் சேர்ந்து இருந்ததற்கு மிச்சம் அது ஒன்றுதான். இத்தனை நாள் அதை மறந்திருந்தேன் என்பது ஒரு பக்கம், அதைக் குப்பை என்று நானே கொட்டினேன் என்பது இன்னொரு பக்கம். ஒரு சின்ன விஷயத்தைப் பத்திரமாக வைத்திருக்கத் தெரியாதவளிடம் ஒரு முழுப் பிள்ளையைக் கொடுத்திருக்கிறார்கள். இதை அத்தையிடம் எந்த வாயால் சொல்வேன்? எட்டாம் தேதி நெருங்க நெருங்கச் சோறு இறங்கவில்லை. சடங்கில் டப்பாவைத் திறக்கச் சொல்லி முப்பது பேர் பார்ப்பார்கள், உள்ளே ஒன்றும் இருக்காது.

சமையலறையில் இன்று புதுச் சல்லடை தொங்கியது. பழையது எங்கே என்று கேட்டேன்.

"ஓட்டை பெருசாயிருச்சு கண்ணு" என்றார் அத்தை.

சல்லடையில் ஓட்டை இல்லாமல் வேறென்ன இருக்கும்? வயதாகிறது, பாவம்.

செப்டம்பர் 1, ஞாயிறு

இன்று நடந்ததை எங்கிருந்து சொல்வது? உள்ளறையில் கடைசியாக இருந்தது ஓர் இரும்புப் பெட்டி. அதைத் திறந்து பார்த்து அடுக்கி வை என்று அத்தையே என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் களை எடுக்கும் ஆட்களைப் பார்க்கப் போனார். உள்ளே இவருடைய முதல் சட்டை, முதல் சிலேட்டு. முதல் பல்லுகூட இருக்குமோ என்று பயந்தேன், இல்லை. அடியில் ஒரு பட்டுத் துணியில் சுற்றி இவருடைய குழந்தைத் தாயத்து. வெள்ளி கறுத்திருந்தது. இரண்டு முனையும் அரக்கு வைத்து மூடியிருந்தது.

இவருக்குக் கண் மின்னியது. அசலைப் பார்த்துவிட்டால் நகல் செய்வது சுலபம் என்றார். வேண்டாம் என்று நான் ஒரு தடவைதான் சொன்னேன். இரண்டாம் தடவை சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. இவர் குறட்டால் ஒரு முனையைத் திறந்து உள்ளங்கையில் தட்டினார்.

பழுப்பாக, நார் நாராக, விரல் நகம் அளவு ஒரு துண்டு விழுந்தது.

நான் மோந்து பார்த்தேன். மறுபடி மோந்து பார்த்தேன். ஓரத்தில் சுரண்டி நாக்கில் வைத்தேன். கொஞ்சம் யோசித்திருக்கலாம்தான், ஆனால் விஞ்ஞானத்தில் சில முடிவுகளை உடனே எடுக்க வேண்டியிருக்கிறது.

"இது சுக்குங்க" என்றேன்.

"என்னது?"

"சுக்கு. காப்பியில போடறமே, அது."

இவர் தானும் மோந்து பார்த்தார். பிறகு, "பள்ளிக்கூடம் போற வரைக்கும் நான் இடுப்புல சுக்கக் கட்டிட்டா திரிஞ்சேன்?" என்றார். அப்புறம் இன்னும் மெதுவாக, "அப்ப என்னோடது எங்க?" என்றார்.

அதனால்தான் உங்களுக்கு இருமலே வந்ததில்லை போல என்றேன். சிரிக்கவில்லை. முப்பத்து நான்கு வயது ஆண்பிள்ளை அக்கா, மீசை வைத்தவர், பஞ்சாயத்தில் தண்ணீர்க் குழாய்க்காகச் சத்தம் போட்டவர், போய் வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அங்கே சுவரும் இல்லை. திரும்பிப் படுத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்.

அத்தையிடம் கேட்கவும் முடியாது. கேட்டால் தாயத்தை ஏன் திறந்தாய் என்பார். அதற்குப் பதில் சொன்னால் என் கதை வெளியே வரும். சுக்கை உள்ளே போட்டு, மெழுகுவர்த்தி உருக்கி மூடி, பட்டுத் துணியில் சுற்றி வைத்துவிட்டோம்.

செப்டம்பர் 3, செவ்வாய்

மழைத் தூறல். அத்தை எல்லோருக்கும் சுக்குக் காப்பி போட்டார். இவர் வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்.

செப்டம்பர் 6, வெள்ளி

இவருடைய அக்கா சாந்தாமணி இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். நங்கை என்று நான் கூப்பிட வேண்டும். காரிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றுவதற்குள் நான்கு குறை கண்டுபிடித்தார். குழந்தை இளைத்திருக்கிறது. நான் பெருத்திருக்கிறேன். வாசலில் கோலம் கோணல். நாய் குரைக்கும் சத்தம் முன்புபோல் இல்லை.

இவர் அந்தப் பழைய திருகாணியைக் கொடுத்ததும் நங்கை சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "அப்ப நீதான எடுத்து வெச்சிருந்த?" என்றார். இவர் இருபத்தாறு வருடம் கழித்து மறுபடி குற்றவாளியானார்.

பிறகு உள்ளறையைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. வெள்ளை அடித்திருந்தோம். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் சுற்றிச் சுற்றிப் பார்த்து, கடைசியில் மாடத்தில் கண் நின்றது. நான் கவிழ்த்து வைத்த பத்தொன்பது டப்பாவும் அங்கே பளபளவென்று இருந்தன.

"இதுலதான பிள்ளையோட கொடிய அம்மா வெச்சிருந்தாங்க? எல்லாம் காலியா இருக்குது?"

இவர் கையில் இருந்த தண்ணீர்ச் சொம்பு அப்படியே நின்றது. நான் வாயைத் திறந்தேன். இப்போது சொல்லிவிட வேண்டியதுதான், முப்பது பேர் முன்னால் சொல்வதைவிட மூன்று பேர் முன்னால் சொல்வது மேல் என்று நினைத்தேன். "அது வந்துங்க நங்கை" என்று ஆரம்பித்தும்விட்டேன்.

"நான் எடுத்துப் பத்திரமா வெச்சிருக்கறேன்" என்று சமையலறையிலிருந்தே சொன்னார் அத்தை. "அது வெச்சிருந்த டப்பாவைக் கழுவ நான்தான் அவகிட்டக் குடுத்தேன். நீ வந்து இந்த வெங்காயத்த உரி."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். எப்போது எடுத்தார்? அப்படியானால் நான் கொட்டியது என்ன? அது சுண்டைக்காய் வற்றலேதானா? எனக்கு ஒரு நிமிடம் உயிர் வந்தது. பிறகு கணக்குப் போட்டேன். டப்பாவில் இருக்கிறது, கை வைக்காதே என்று அத்தை சொன்னது நான் கொட்டிய பிறகு, திங்கட்கிழமை.

உயிர் திரும்பப் போய்விட்டது.

செப்டம்பர் 7, சனி

முப்பது இல்லை, நாற்பத்தொரு பேர். நந்தகுமார் வந்துவிட்டான். தாயத்து நன்றாக இருக்கிறது, அதன் வாய் மட்டும் எனக்கு ஒரு கிணறு போலத் தெரிகிறது. உள்ளறையில் பதினாறு பேர் படுத்திருக்கிறார்கள். எல்லோரும் நன்றாகத் தூங்குகிறார்கள்.

செப்டம்பர் 9, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இன்று எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

மொட்டை அடிக்கும்போது வர்ணிகா அழவில்லை. காது குத்தும்போதும் அழவில்லை, நந்தகுமார்தான் அழுதான். மடியில் வைத்துக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தான், ஆசாரி இரண்டு காதும் குத்தி முடித்துவிட்டு, "முடிஞ்சுதுங்க தம்பி, கண்ணத் தெறங்க" என்று அவனைத்தான் தேற்றினார். குழந்தை அழுதது எப்போது தெரியுமா, கையிலிருந்த தேன்மிட்டாயை நான் வெந்நீரில் கழுவியபோது.

அடுத்து தாயத்து. நங்கை ஆசாரிக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டார். நாற்பத்தொரு பேரும் எட்டிப் பார்த்தார்கள். அத்தை மடியிலிருந்து ஒரு வெற்றிலை மடிப்பை எடுத்தார். இவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அத்தை வெற்றிலையைப் பிரித்து, இரண்டு விரலால் எடுத்து, சாமி இருக்கும் பக்கம் ஒரு தடவை காட்டி, தாயத்துக்குள் போட்டார். ஒரே நொடி. நங்கை கழுத்தை நீட்டுவதற்குள் ஆசாரி அரக்கை உருக்கிவிட்டார்.

ஆனால் நான் பார்த்துவிட்டேன். பழுப்பாக, நார் நாராக, விரல் நகம் அளவு. என் பக்கத்தில் நின்ற இவரும் பார்த்துவிட்டார். முழங்கையில் இருந்த பிடி இறுகியது.

இன்று மதியம் கடைசி வண்டியும் போன பிறகு, பின்கட்டில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தோம், அத்தையும் நானும். வர்ணிகா பாயில் உட்கார்ந்து தன் மொட்டையைத் தானே தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்று நானே ஆரம்பித்தேன். டப்பாவைக் கொட்டியது நான்தான், தெரியாமல் செய்துவிட்டேன், எருக்குழி முழுக்கத் தேடினேன், கிடைக்கவில்லை, தப்பு என்னுடையதுதான் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அத்தை தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"நீ சல்லடைய எடுத்துட்டுப் போனயே, அன்னைக்கே தெரியும் கண்ணு. பாலக் குடுத்துட்டுச் சீக்கிரமா வந்துட்டேன். எருக்குழியில சலிக்கறதுக்கு மாவா கெடக்குது?"

"அப்பறம் ஏனுங்க அத்தை ஒண்ணுமே கேக்கல?"

"நீயே சொல்லுவீன்னு பாத்தேன். ரெண்டு மூணு தடவை வாயைக்கூடக் கிண்டிப் பாத்தேன். சொல்லல." அண்டாவைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தார். "நானும் உன்ற வயசுல சொல்லல."

இவருடையதைத் திண்டில் வெயிலில் காயவைத்துவிட்டு அத்தை ஒரு நிமிடம் கண் அசந்தாராம். கோழி தூக்கிப்போய்விட்டது. தோட்டம் முழுக்க அந்தக் கோழியைத் துரத்தியிருக்கிறார். பிடித்தும்விட்டார். பிடித்த பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. அன்று ராத்திரி வீட்டில் கோழிக் குழம்பு, காரணம் யாருக்கும் தெரியாது. மறுநாள் தாயத்தில் சுக்கு.

"அதுவும் நல்லதுதான். வயித்து வலி வராது" என்றார், வைத்தியர் மாதிரி.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அப்படியானால் நங்கையுடையதும் சுக்குதானா என்று கேட்டேன்.

"அவளுது நெசம்" என்றார் அத்தை. "அதான் பாரு, எப்படிப் பேசறான்னு."

அக்கா, நான் அண்டாவுக்குள் தலையை விட்டுச் சிரித்தேன். அத்தையும் சிரித்தார், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு. வர்ணிகா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஏதோ பெரிய விஷயம் நடக்கிறது என்று முடிவு செய்து, அத்தையை நோக்கித் தவழ்ந்து வந்தாள். முன்பக்கமாக. முதல் தடவையாக. அத்தை சாம்பல் கையோடு அவளைத் தூக்கிக்கொண்டார். அந்தக் கையைக் கழுவச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

பிறகு அத்தை குரலைத் தாழ்த்தினார். "இது யுவராசுக்குத் தெரிஞ்சிரப் போகுது கண்ணு. பாவம், மனசு ஒடஞ்சு போவான்."

"அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க அத்தை" என்றேன். முகத்தை மாற்றாமல் சொன்னேன், நீ பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பாய்.

சாயங்காலம் இவரிடம் கோழி கதையைச் சொன்னேன். அந்தக் குழம்பை அத்தையும் சாப்பிட்டிருப்பார் இல்லையா, அப்படியானால் சுற்றி வளைத்து எல்லாம் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது என்றார். அந்த ஆறுதலில் இரண்டு டம்ளர் சுக்குக் காப்பி குடித்தார்.

வர்ணிகா தூங்குகிறாள். தாயத்து இடுப்பில் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. நான் குனிந்து மோந்து பார்த்தேன். லேசாகக் காரம் வருகிறது, அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறது.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. அம்மாவின் பீரோவில் உன்னுடையதும் என்னுடையதும் இரண்டு தாயத்து இருக்கின்றன. நான் கேட்டால் அம்மா அன்றைக்கே அத்தையிடம் போனில் சொல்லிவிடுவார், நீதான் கேட்க வேண்டும். என்னுடையதில் என்ன இருந்தாலும் பரவாயில்லை. உன்னுடையது நிஜமாகத்தான் இருக்கும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது, ஏன் என்று கேட்காதே. அம்மாவிடம் கேட்டுவிட்டுச் சீக்கிரம் பதில் எழுது.